வேப்பங்கொப்பும் அட்சரேகையும்: முதல் சேகரிப்பைத் தள்ளிவைத்த ஒரு முதுகலை ஆய்வு

பின்னணி

மதுரையிலுள்ள ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருவரின் ஆய்வேடு, தொடங்கிய நாள் முதல் வாய்மொழித் தேர்வு வரை எவ்வாறு நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதற்கு வழிகாட்டியாக இருந்தவன் நான். நேர்ந்த பிழைகளில் முதன்மையானது என் கையெழுத்துடன் வெளியே போன ஒரு தாளில் இருந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாணவி தேர்ந்தெடுத்த பொருள், அட்சரேகை மாறும்போது ஒரு மரத்தின் இலையும் சிறுகிளையும் எவ்வாறு மாறுகின்றன என்பது. ஈரமான வெப்பமண்டலங்களில் இலைகள் பெரியவை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரப் புவியியலாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, உலகெங்கும் 682 இடங்களைச் சேர்ந்த 7,670 தாவர இனங்களின் இலையளவை ஒப்பிட்டு, வெப்பமும் மழையும் ஒன்றுசேரும் இடங்களில் பெரிய இலைகளும், வெப்பம் மிகுந்து நீர் குறைந்த இடங்களிலும் குளிர்நாடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் சிறிய இலைகளும் மிகுந்திருப்பதைக் காட்டியது. அதற்குக் கூறப்பட்ட காரணம் எளிமையானது. பெரிய இலையை ஒட்டி நிற்கும் அசையாக் காற்றுப்படலம் தடிப்பானது. ஆகவே பகலில் அந்த இலை வாங்கிய வெப்பம் காற்றுக்கு எளிதில் போய்ச் சேர்வதில்லை. நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடிந்தால்தான் பிழைக்கும். இரவில் நிலைமை தலைகீழாகிறது. தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கும் பெரிய இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. உறைபனி விழும் நாடுகளில் முதலில் கருகுவது அதுதான்.

சிறுகிளைக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், தண்டு தடிக்கத் தடிக்க அது தாங்கும் இலையும் பெரிதாகும், கிளை பிரிவது மிகுந்தால் கிளையும் மெலிந்து இலையும் சிறுக்கும் என்று 1949-இல் எழுதினார். பப்பாளியையும் புளியமரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. மரத்தின் நீர்க்குழாய்கள் அகலமாக இருந்தால், உள்ளிருக்கும் நீர் உறைந்து உருகும்போது காற்றுக்குமிழ்கள் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அங்கே குறுகிய குழாய்களுக்கே வாழ்வு.

மாணவி தேர்ந்த மரம் வேம்பு. தமிழ்நாட்டின் சமவெளியில் எங்கு போனாலும் அது கிடைக்கும் என்பதும், ஓர் இனத்தையே எல்லா இடங்களிலும் அளந்தால் இனவேறுபாட்டுச் சிக்கல் குறையும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள், இரண்டும் நியாயமானவை. திருநெல்வேலி (8.7 பாகை), மதுரை (9.9), திருச்சி (10.8), விழுப்புரம் (11.9), செங்கல்பட்டு (12.7) ஆகிய ஐந்து ஊர்களைக் குறித்துக்கொண்டார். இந்த ஊர்களில் அவருக்கு உறவினர்களோ தோழியரோ இருந்தார்கள் என்பதே அவை பட்டியலில் இடம்பெற்றதற்குப் பெரிய காரணம். நிதியுதவி இல்லாத முதுகலை ஆய்வில் இது குறையாகாது.

முதல் சேகரிப்பு

ஒவ்வோர் ஊரிலும் ஆறு மரங்கள், மரத்துக்கு ஐந்து சிறுகிளைகள், ஆக 150 கிளைகள் என்பது திட்டம். எவ்வாறு பறிப்பது என்பதற்கு ஒரு பக்க அறிவுறுத்தலை மாணவி தயாரித்தார். அதைப் படித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். “கை எட்டும் உயரத்திலுள்ள, நோயற்ற, நன்கு தழைத்த கிளையாகப் பார்த்து எடுக்கவும்” என்பது அதில் ஒரு வரி.

திருநெல்வேலிக் கிளைகள் பொங்கல் விடுமுறையில் எடுக்கப்பட்டன. மாணவியின் பெரியப்பா அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, பேருந்துப் பார்சலில் அனுப்பிவைத்தார். கட்டு பிரிக்கப்பட்டபோது நான்கு நாள் கடந்திருந்தது. திருச்சியில் தை இறுதியிலும் மதுரையில் மாசியிலும் சேகரித்தார்கள். விழுப்புரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் மாணவியே ஒரு திருமணத்தையொட்டிப் பங்குனித் தொடக்கத்தில் போய், பறித்த அன்றே அங்கிருந்த ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் இலைகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். பிறகு துறையின் உலர்கலத்தில் 70 பாகை செல்சியஸில் மூன்று நாள் காயவைத்து எடை பார்த்தார். கிளைத் தடிமனுக்கு வெர்னியர் காலிப்பர், இலைப்பரப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் படப்பகுப்பு மென்பொருள்.

கிடைத்த வரைபடம் அழகாக இருந்தது. தெற்கிலிருந்து வடக்கே போகப்போகச் சிற்றிலையின் (ஒரு காம்பில் வரிசையாக நிற்கும் சிறு இலைகளில் ஒன்றின்) பரப்பு கூடியது, கிளை தடித்தது, ஒரு கிராம் உலர் எடைக்குக் கிடைக்கும் இலைப்பரப்பும் கூடியது. ஐந்து புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்தன.

உலகளாவிய போக்குக்கு இது எதிரானது. வடக்கே போனால் இலை சிறுக்க வேண்டுமே என்று கேட்டேன். மாணவியிடம் விடை ஆயத்தமாக இருந்தது: மதுரைச் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர், சென்னைப் பக்கத்தில் அது 1,400-ஐ ஒட்டி வரும், எனவே இங்கே அட்சரேகையின் வேலையை மழை செய்கிறது. படித்தவை எல்லாம் இந்த விளக்கத்துக்குத் துணைநின்றன. நானும் ஒப்புக்கொண்டேன். இப்போது திரும்பிப் பார்க்கையில், விளக்கம் அத்தனை சுலபமாக வந்ததே நான் நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் என்று தோன்றுகிறது. போக்கு தெற்கு நோக்கி இருந்திருந்தால் “உலகப் போக்கு உறுதியாகிறது” என்றும், வடக்கு நோக்கி இருந்ததால் “மழை காரணம்” என்றும் எழுத நாங்கள் இருவருமே ஆயத்தமாக இருந்திருக்கிறோம்.

ஐயம் எழுந்த இடம்

மதுரை மரங்களில் இரண்டின் அளவைகள் விடுபட்டிருந்ததால், மாணவி பங்குனி நடுவில் ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய்க் கரைக்குப் போனார். முன்பு எடுத்த கிளைகளோடு ஒத்த நிலையிலுள்ள கிளையையே பறிக்க வேண்டும் என்பதற்காக, அழுத்தி உலர்த்திய செங்கல்பட்டுக் கிளை ஒன்றை அட்டையில் ஒட்டிக் கையோடு கொண்டுபோயிருந்தார். அங்கே தொரட்டியால் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வெட்டித் தழைச்ச கொப்பு, தாயி. முத்துன கொப்புல இலை இம்புட்டு அகலம் வராது. இந்தா, போன கார்த்திகையில நான் ஒடிச்ச மரம், இதப் பாரு” என்று பக்கத்து மரத்தைக் காட்டியிருக்கிறார். அந்த மரத்தில் ஒடித்த இடத்துக்குக் கீழிருந்து கிளம்பிய கொப்புகள் செங்கல்பட்டுக் கிளையைப் போலவே தடித்து, அகன்ற இலைகளோடு நின்றன. அதே மரத்தின் உச்சியில், தொரட்டி எட்டாத இடத்தில், இலைகள் பாதியளவே இருந்தன என்று மாணவி குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

வெட்டுப்பட்ட மரம், பெரிய வேர்த்தொகுதி அனுப்பும் நீரையும் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் எஞ்சிய சில மொட்டுகளுக்கே கொடுக்கிறது. அவை வேகமாக நீண்டு, தடித்த தண்டும் பெரிய இலையுமாக வளர்கின்றன. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வதுங்கூட.

மறுநாள் மாணவி செங்கல்பட்டுத் தோழியிடம் தொலைபேசியில் விசாரித்தார். ஆறு மரங்களில் ஐந்து, சாலையோரத்தில் மின்கம்பிக்குக் கீழே நின்றவை. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கொப்பு கழிக்கப்படுபவை. விழுப்புரத்திலும் பாதி மரங்கள் அப்படித்தான். தவறு தோழியருடையதன்று. கை எட்டும் உயரத்தில் நன்கு தழைத்த கிளை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், நகரத்துச் சாலையில் அதற்குப் பொருந்துவது வெட்டித் தழைத்த மரம்தான். திருநெல்வேலியிலோ மரங்கள் வயல்வரப்பில் நின்றவை. அங்கே கை எட்டியவை வெட்டுப்படாத, நிழல் விழாத, காய்ந்த நுனிக்கொப்புகள்.

ஒரு நூல் பிரிந்ததும் மற்றவையும் பிரிந்தன. வேம்பு மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலை விடுவது. பொங்கலுக்கு எடுத்த திருநெல்வேலி இலை, முந்தைய ஆண்டில் தளிர்த்துப் பத்து மாதம் முற்றியது; பங்குனியில் எடுத்த செங்கல்பட்டு இலை, விரிந்து சில வாரமே ஆனது அல்லது வெட்டுக்குப் பின் வந்தது. முற்றிய இலை கனத்திருக்கும். அதே எடைக்கு இளம் இலை அகன்ற பரப்பைக் காட்டும். போதாததற்கு, நான்கு நாள் தாளுக்குள் கிடந்து சுருங்கிய இலையை, பறித்த அன்று அளந்த இலையோடு ஒப்பிட்டிருக்கிறோம். வெட்டு, பருவம், வாட்டம் ஆகிய மூன்றும் தெற்கைச் சிறிதாகவும் வடக்கைப் பெரிதாகவும் காட்டும்படி ஒரே திசையில் தள்ளியிருந்தன. எதிரெதிராகத் தள்ளியிருந்தால் வரைபடம் சிதறிப்போய் நாங்கள் அப்போதே விழித்திருப்போம்.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலிக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நான்கு பாகை. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 445 கிலோமீட்டர். இந்த நீளத்தில் எங்கும் உறைபனி கிடையாது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகல் மதுரையைவிடச் சென்னையில் பத்து நிமிடம் போலத்தான் கூடுதல். தில்லி வரை போனால்தான் அந்த வேறுபாடு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அட்சரேகை என்பது இலைக்குத் தெரியாது. குளிர், நீர், ஒளி ஆகியவை வழியாகத்தான் அது இலையைத் தொட முடியும். இவற்றில் குளிரும் ஒளிநேரமும் இங்கே அசையவே இல்லை.

எடுத்த முடிவுகள்

ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரமே இருந்தது. மூன்று வழிகள் தெரிந்தன. இருப்பதை அப்படியே எழுதி, “வரம்புகள்” என்ற தலைப்பின் கீழ் நான்கு வரி சேர்த்து ஒப்படைக்கலாம். துறையில் ஒருவர் இதையே சொன்னார், முதுகலை ஆய்வேட்டுக்கு இது போதும் என்பது அவர் கருத்து. வேறு பொருளுக்கு மாறலாம். அல்லது, குறைந்த நாள்களில் மறுபடி சேகரிக்கலாம்.

மாணவியின் வீட்டில் தாமதத்துக்கு விருப்பமில்லை. அவருடைய தந்தை நேரில் வந்து, “மார்க்கு குறையுமா சார், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். குறையாது என்று உறுதி கொடுக்க என்னால் முடியவில்லை. ஒரு மாதம் தள்ளி ஒப்படைக்கத் துறைத்தலைவர் அனுமதித்த பிறகே அவர் ஒப்புக்கொண்டார். நான் மறுசேகரிப்பின் பக்கம் நின்றதற்குக் காரணம், முதல் தரவை வரம்புகளோடு வெளியிட்டாலும் அதிலிருந்து எதையும் மீட்க முடியாது என்பதுதான். பிழை சிறியதாகவோ திசையின்றியோ இருந்தால் வரம்பு என்று சொல்லலாம்; அளந்ததே வேறொன்று என்று தெரிந்தபின் அதை வரம்பு என்று எழுதுவது பொய்யுரை.

முதல் தரவை அழிக்கவில்லை. தனிக் கோப்பில், விலக்கிய காரணத்தோடு வைத்தோம்.

எதை ‘இலை’ என்று கொள்வது என்பதிலும் ஒரு திருத்தம் செய்தோம். முதல் சேகரிப்பில் மாணவி அளந்தது சிற்றிலையை. வேம்பின் இலை கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகள் ஒரே காம்பில் சேர்ந்ததுதான் ஓர் இலை. ஓர் இலை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் கோணமொட்டு (இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்திலுள்ள மொட்டு) இருப்பது முழு இலையின் காம்படியில்தான், சிற்றிலையின் அடியில் இல்லை. கிளைத் தடிமனோடு ஒப்பிட வேண்டியது அந்த முழு இலையே, ஏனெனில் கிளை தாங்குவதும் நீர் அனுப்புவதும் அதற்கு. நடுக்காம்பையும் சேர்த்து எடைபோடுவதா இல்லையா என்பதில் நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுக்க வாதிட்டோம். இறுதியில் தனித்தனியே எடைபோட்டு இரண்டையும் கொடுப்பது என்று முடித்தோம்.

வேம்பின் சிற்றிலை ஓரம் ரம்பப்பல் போன்றது என்பதைச் சுட்டி, பல்லுள்ள இலை குளிர்நாட்டுக்கு உரியது என்று படித்தோமே என மாணவி கேட்டார். 1915-இல் பெய்லி, சின்னட் என்ற இரு தாவரவியலாளர்கள் சொன்னது ஒரு நிலப்பகுதியிலுள்ள மரவினங்களில் பல்லோர இலை கொண்டவற்றின் விகிதத்தைப் பற்றி. தனி மரம் ஒன்றைப் பிடித்துவந்து அதன் ஓரத்தைப் பார்த்து நாட்டைச் சொல்ல முடியாது.

கொடைக்கானலையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை வீதம் வெப்பம் குறைவதால், 2,100 மீட்டர் உயரமுள்ள அந்த ஊருக்குப் போவது நெடுந்தூரம் வடக்கே போவதற்கு ஓரளவு ஈடு. மார்கழி, தையில் அங்கே பள்ளங்களில் உறைபனியும் படியும். ஆனால் அங்கே வேம்பு இல்லை. சோலைக்காட்டு நாவல் வகைகளை நம் சமவெளி நாவலோடு ஒப்பிடலாம். அவற்றில் சில சிறுத்துத் தடித்த இலை கொண்டவை. வனத்துறை அனுமதி பெற்று அதைச் செய்வதற்குக் காலம் இல்லை என்பதால் விட்டுவிட்டோம்.

இரண்டாம் சேகரிப்பு

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் தொடங்கி, பத்து நாளுக்குள் எல்லா இடங்களையும் முடித்தார். அப்போது புது இலை எல்லா ஊரிலும் விரிந்து முற்றத் தொடங்கியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, செங்கல்பட்டு என ஊர்களை மூன்றாகக் குறைத்து, மதுரைக்குள் மட்டும் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டோம்: கண்மாய்க் கரை, வயல்வரப்பு, நாகமலை அடிவாரத்தில் பாறை தெரியும் பட்டா நிலம். உரிமையாளர்களிடம் கேட்டே பறித்தோம். வெயில் நேராக விழும் வெளிப்புறக் கொப்பு மட்டும், ஏணி அல்லது தொரட்டி கொண்டு. ஐந்தாண்டுக்குள் வெட்டுப்படாத மரம் மட்டும். கொப்பின் வெட்டுமுனையை வாளி நீரில் நிறுத்தி, இலை விறைப்படைந்தபின் அன்றே படமெடுத்தார். வெட்டித் தழைத்த மரங்களையும் விட்டுவிடவில்லை; அவற்றைத் தனித் தொகுதியாக, தெரிந்தே அளந்தோம்.

வெட்டுப்படாத மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மரத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியவில்லை; ஊர்க்காரரிடம் கேட்டே ஆக வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் இரண்டு நாள் அலைந்தும் நான்கு மரமே கிடைத்தன.

பின் நடந்தவை

வடக்கு நோக்கிக் கூடிய அந்தக் கோடு மறைந்துவிட்டது. மூன்று ஊர்களின் வயல்வரப்பு மரங்களையும் ஒப்பிட்டபோது இலைப்பரப்பிலோ கிளைத் தடிமனிலோ ஒரு திசையில் போகும் போக்கு எதுவும் தெரியவில்லை. மதுரைக்குள் எடுத்த மூன்று இடங்களுக்கிடையே இருந்த வேறுபாடு, திருநெல்வேலிக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது: கண்மாய்க் கரையில் தடித்த கிளையும் பெரிய இலையும், அடிவாரப் பாறை நிலத்தில் மெலிந்த கிளையும் சிறுத்துத் தடித்த இலையும். எட்டு கிலோமீட்டருக்குள் இருந்த நீர் வேறுபாடு 445 கிலோமீட்டரை மிஞ்சியது.

நாங்கள் தேடாத ஒன்றும் கிடைத்தது. தடித்த கிளைக்குப் பெரிய இலை என்ற தொடர்பு எல்லா இடங்களிலும் நின்றது. வெட்டித் தழைத்த கொப்புகளும் அதே கோட்டின் மேல்முனையிலேயே போய் அமர்ந்தன. வெட்டு அந்தத் தொடர்பைக் குலைக்கவில்லை, மரத்தைக் கோட்டின் வேறோர் இடத்துக்கு நகர்த்தியது என்று மாணவி எழுதினார். ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. ஆனாலும் ஒரே பருவத்தில், ஒரே இனத்தில், செங்கல்பட்டில் நான்கே மரங்களில் பார்த்ததை வைத்து அதற்கு மேல் சொல்ல இடமில்லை.

தலைப்பிலிருந்து ‘அட்சரேகை’ நீங்கி, ‘வாழிடமும் வெட்டும்’ என்பது வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் முதல் சேகரிப்புப் பற்றிய பின்னிணைப்பிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டார். “ஆட்டுக்காரர் சொல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டதற்கு, “ஒப்படைத்திருப்பேன், ஐயா” என்றார் மாணவி. மதிப்பெண் குறைந்ததா என்பது இந்தப் பதிவுக்கு வேண்டாத செய்தி; தந்தை வருத்தப்படவில்லை.

மறுபடி செய்தால்

உண்மையிலேயே அட்சரேகையைத் தேடுவதென்றால் சமவெளித் தமிழ்நாடு அதற்கு ஏற்ற இடமன்று. வேம்பு தில்லி வரை வளர்கிறது. குளிர்காலம் கடிக்கும் அந்த 28 பாகை வரை போனால்தான் கேள்விக்கே உயிர் வரும். பயணச் செலவுக்கு வழியில்லாவிட்டால், அழுத்தி உலர்த்திய தாவரங்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரத் தொகுப்புகளை நாடலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்திலும் திருச்சி ராபினட் உலர்தாவரகத்திலும் தமிழகத் தாவரங்கள் உள்ளன. அழுத்திய இலை சுருங்கும் என்பதையும், தாளுக்குள் அடங்கும் கிளையையே சேகரிப்போர் தேர்வார்கள் என்பதையும் கணக்கில் கொண்டுதான் அவற்றை அளக்க வேண்டும்.

அறிவுறுத்தல் தாளில் ‘கை எட்டும் உயரம்’ இப்போது இல்லை. கொப்பு எந்த மாதம், எந்த உயரத்தில், எந்தப் பக்க வெயிலில் எடுத்தது என்பவற்றோடு, மரம் கடைசியாக எப்போது வெட்டுப்பட்டது, அதைச் சொன்னவர் யார் என்று இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. பின்னால் வந்த மாணவர்கள் முதற்கட்டத்தை நிரப்பிவிட்டு இரண்டாவதை வெறுமையாக விட்டால், தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.